பாங்கு நேரத்தில் சுடுவதில்லை

“…கரண்ட் போயிருக்கும் தம்பி. ஜெனரேட்டரைப் போட்டு மிச்சத்தச் சொல்லுவாங்க. ஆறுதலா முடியட்டும், நான் கைய எடுத்துத்தான் வெச்சிருக்கன்” என்று ஹெட்செட்டுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

குரலுக்குரியவர் பாண்டிருப்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் இருந்தார். நான் கல்முனையில் இன்னொரு கம்பியூட்டர் கடையில் இருந்தேன். சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். ஆனால் விளையாட்டுக்குள்ளே அவர் எனக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில், மறைவு ஏதுமில்லாத வெட்டவெளியில், துப்பாக்கியோடு நட்டுவைத்த கம்பம் போல நின்றார். என் துப்பாக்கியின் குறி அவருடைய நெஞ்சில் இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு, தொழுகைக்கான அழைப்பு, முடியட்டும் என்று அவர் காத்திருந்தார். அந்தப் பாங்கு எந்தப் பள்ளிவாசலிலும் சொல்லப்பட்டதல்ல என்பது எனக்குத் தெரியும். சிக்கல் அதுதான்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. நான் பிரதான வீதியில் தையல் கடை வைத்திருந்தேன். பக்கத்துக் கடைதான் கம்பியூட்டர் கடை. அதன் முதலாளியை எல்லாரும், அண்ணன் என்கிற முறையில், காக்கா என்றே கூப்பிடுவோம். அவருடைய முந்தைய கடை கடற்கரைப் பக்கம் இருந்தது. அதைச் சுனாமி எடுத்துக்கொண்டு போனது. அதைப் பற்றி அவர் ஒரு சொல் கதைக்கமாட்டார். புதுக் கடையில் மேசைகளை மட்டும் நெஞ்சுயரத்துக்கு அடித்திருந்தார். அதற்கேற்ற உயரமான முக்காலிகளில் நாங்கள் ஏறி, கால் தொங்க உட்கார்ந்திருப்போம். “ஏன் காக்கா மேசை இவ்வளவு ஒசரம்?” என்று கேட்டால், “கீழ கூட்டுறத்துக்கு லேசு” என்பார்.

யுத்த காலத்தில் அந்தக் கடையில் சத்தம் கிடையாது. முதன்முதலாகத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்த அன்று, யாரோ ஒருவன் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் திறந்துவிட்டான். எதிர்ப்பக்க மருந்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டார். சலூனில் ஒரு கன்னம் மட்டும் வழித்திருந்த மனிதர் கதிரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். காக்கா ஓடிவந்து குறட்டால் ஸ்பீக்கர் வயரை வெட்டினார். “வெளியில நடக்கிறது போதாதெண்டு உள்ளுக்கும் வேணுமா ஒங்களுக்கு?” என்றார். அதிலிருந்து நாங்கள் ஊமைத் துப்பாக்கியாலேயே சுட்டுப் பழகினோம்.

யுத்தம் முடிந்ததும் வேகமான இன்டர்நெட் லைன் வந்தது, கூடவே ஹெட்செட்டும் வந்தது. என் துப்பாக்கிக்குச் சத்தம் உண்டு என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டதும் திடுக்கிட்டு மவுஸை எறிந்துவிட்டேன். அந்தத் திடுக்கம் கடைசிவரை போகவில்லை. முதலாவது வெடி வெடித்தால் போதும், என் கை துள்ளும், யாராவது வந்து என்னைச் சுட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் அணியில் மூன்று பேர். மற்ற இருவரில் ஒருவன் மீன் லொறி ஓட்டுபவன். இன்னொருவன் அறபு மதரசாவில் இரண்டு வருஷம் ஓதிவிட்டு இடையில் நின்றவன், ஆகவே அரை மௌலவி. எனக்கு ‘முதல் ஜனாஸா’, அதாவது முதல் பிணம், என்று பெயர் வைத்தது அவன்தான். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குமுன் முக்காலியில் சாய்ந்துகொண்டு, “டெய்லர் காக்கா, குழி வெட்டச் சொல்லட்டா?” என்று மரியாதையாகக் கேட்பான்.

காக்காவின் கடையில் ஒரேயொரு சட்டம் இருந்தது. பாங்கு சொன்னால் கையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். கீபோர்டையும் தொடக்கூடாது, மவுஸையும் தொடக்கூடாது. முடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்காகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரத்தை ஒன்பது நிமிஷமாகக் கூட்டி வைத்திருந்தார். “நீங்க சுடுறது ஹலாலா ஹறாமாண்டு எனக்குத் தெரியா. பாங்கு நேரத்தில சுட்டா கடைக்கு வெளியில. அது மட்டும் தெரியும்.”

சட்டம் சின்னதுதான், வழக்குப் பெரிது. எங்கள் ஊரில் எத்தனை பள்ளிவாசல்! ஒன்று தொடங்கி அரைவாசியில் இருக்கும்போது அடுத்தது தொடங்கும். தோற்றுக்கொண்டிருப்பவனுக்குக் காது கூர்மையாகிவிடும். லொறிக்காரன் ஒரு தடவை, சாகப்போகிற நேரத்தில், “நிந்தவூர்ப் பாங்கு கேக்குது!” என்று கத்திக் கையைத் தூக்கினான். அவ்வளவு தூரத்துப் பாங்கு அவனுக்கு மட்டும் கேட்டது. அன்றைக்கே காக்கா தீர்ப்புச் சொன்னார்: “பின்னால இரிக்கிற பள்ளிதான் கணக்கு. மத்தப் பாங்கெல்லாம் கேளுங்க, தொழப் போங்க, ஆனா தோல்வியில இரிந்து தப்பப் பாவிக்காதீங்க.”

பாண்டிருப்புக் கடைக்காரர்களோடு நெட்டில் விளையாடத் தொடங்கியபோது இந்தச் சட்டத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அவர்களுடைய தலைவர் ஒரு அலுவலகக் கிளாக்கர், நாற்பது வயதிருக்கும். கிளாக்கர் அண்ணன் என்போம். காக்கா மைக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னதும், “இதென்ன கேள்வி, தாராளமா நிப்பம். எங்கட கோயில்ல மணி அடிச்சா நீங்க நிப்பீங்களா?” என்று கேட்டார்.

“நிப்பம்” என்றார் காக்கா.

“தேவையில்ல. மணி அடிக்கிற நேரம் நான் கோயில்லதான் நிப்பன்.”

எங்களைவிட அவரே அந்தச் சட்டத்தை நன்றாகக் காத்தார். ஹெட்செட் போட்டுக்கொண்டு நாங்கள் பாங்கைக் கேளாமல் சுட்டுக்கொண்டிருப்போம். எங்கள் மைக் வழியாகக் கேட்டுவிட்டு அவர் அங்கேயிருந்து, “டெய்லர் தம்பி, பாங்கு” என்று ஞாபகப்படுத்துவார்.

அவருக்கு அலுவலகக் களிசான் தைத்துக் கொடுப்பவன் நான்தான். இடுப்பு முப்பத்தெட்டு. அவர் முப்பத்தாறு என்று சொல்லுவார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு படியேறி என் கடைக்குள் வரும்போது மூச்சு வாங்கும். அதே மனிதர் விளையாட்டுக்குள்ளே அணில் மாதிரி. மதிலில் ஏறுவார், கூரையால் குதிப்பார், நீங்கள் திரும்புமுன் உங்களைச் சுட்டுவிட்டு அடுத்த தெருவில் நிற்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் அவர்களுக்கும் போட்டி. வென்ற கடை மட்டக்களப்பில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது காக்கா என் தோளில் கையைப் போட்டு, “டெய்லர், கோவிக்காத. இந்த முறையும் நீ முதல்ல மௌத்தாகி ஆட்டத்தக் கெடுத்தா, மறுகா நீ இரிந்து பாக்கிற ஆள்தான். ஒன்ட முக்காலிக்கு ஆள் கேட்டுக்கொண்டிரிக்கு” என்றார். இரண்டு நாளாக எனக்குத் தையலில் மனமில்லை. ஒருவருடைய சட்டைக்கு இரண்டு கையையும் இடப்பக்கக் கையாகவே வெட்டிவிட்டேன். ஒரேயொரு தடவையாவது கடைசி ஆளாக நின்று வெல்ல வேண்டும், அந்த முக்காலி என்னுடையதாகவே இருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

இனி மணிக்கூட்டைச் சொல்ல வேண்டும். காக்காவின் மச்சான் சவூதியிலிருந்து அனுப்பிய சுவர் மணிக்கூடு அது. பச்சை நிறம், மேலே பள்ளிவாசல் குப்பா, ஐந்து நேரமும் தானாகவே பாங்கு சொல்லும். சொல்வது றியாத் நேரத்துக்கு. அதை எங்கள் ஊர் நேரத்துக்கு மாற்ற ஒருவருக்கும் தெரியவில்லை. கூட வந்த அறபு விளக்கத் தாளை அரை மௌலவியிடம் கொடுத்தோம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நான் ஓதின அறபுல பற்றரி வரல்ல” என்று திருப்பித் தந்துவிட்டான். ஆகவே மணிக்கூடு பற்றரி இல்லாமல் அலுமாரியில் கிடந்தது; உள்ளேயிருக்கிற பொத்தான் பற்றரி மட்டும் றியாத் நேரத்தை மறக்காமல் வைத்திருந்தது.

போட்டியன்று பார்த்துக் கடையின் பழைய மணிக்கூடு நின்றுவிட்டது. இரண்டு மணிக்குச் சரியாகத் தொடங்க வேண்டும் என்பதால், காக்கா பச்சை மணிக்கூட்டுக்குப் பற்றரி போட்டுச் சுவரில் மாட்டினார். அது பதினொன்றரை காட்டியது. “ரெண்டரையக் கூட்டிக்கொள்ளுங்க” என்றார். கூட்டிக்கொண்டோம். றியாத்தில் கொஞ்ச நேரத்தில் நடுப்பகல் லுஹர்ப் பாங்கு வரும் என்பதை ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சின்னச் சின்ன ஆட்டங்கள் ஒன்பது. எட்டு முடிய நாலுக்கு நாலு. கடைசி ஆட்டத்தில் லொறிக்காரன் முதலில் விழுந்தான். நான் முதலாவதாக விழவில்லை என்பதைக் கடையே ஒரு நிமிஷம் நம்பவில்லை. அரை மௌலவி அவர்களில் இரண்டு பேரை விழுத்திவிட்டுத் தானும் விழுந்தான். இப்போது அவர்களில் கிளாக்கர் அண்ணன் மட்டும், எங்களில் நான் மட்டும். திறமையால் தப்பியவனல்ல நான். தொடக்கத்திலேயே பயத்தில் ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் குந்தியவன், எழும்பவேயில்லை.

கிளாக்கர் அண்ணன் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு வெட்டவெளியைக் கடந்து ஓடினார். அந்த நேரம் பார்த்து, என் தலைக்கு மேலே பச்சை மணிக்கூடு, நல்ல இனிமையான குரலில், “அல்லாஹு அக்பர்” என்றது.

பழக்கதோஷம். கடையிலிருந்த அத்தனை கைகளும் மடிக்குப் போயின. ஆட்டத்தில் இல்லாதவர்களின் கைகளும் போயின. மைக் வழியாக அது பாண்டிருப்புக்கும் போனது. கிளாக்கர் அண்ணன் நடு வெளியில் அப்படியே நின்றார்.

“டெய்லர் தம்பி, பாங்கு. என்ன இண்டைக்கு நேரத்துக்கு முதலே சொல்லுறாங்க?”

நான் மைக்கைக் கையால் பொத்தினேன்.

“அடி டெய்லர், அடி!” என்றான் லொறிக்காரன். “பற்றரி சொல்லுற பாங்குக்கு யாருடாப்பா நிக்கிற!”

“பொறு” என்றான் அரை மௌலவி. “நேரம் வராத பாங்கு பாங்கில்ல, மெய்தான். ஆனா றியாத்துல இது நேரம் வந்த பாங்கு.”

“நீ றியாத்துலயா இரிக்கிற?”

“நான் இல்ல. மணிக்கூடு இரிக்கி.”

“அப்ப மணிக்கூடு சுடாம இரிக்கட்டும், டெய்லர் சுடட்டும்!”

இதற்குள் காக்கா முக்காலியில் ஏறி மணிக்கூட்டைக் கழற்றிப் பற்றரியைப் பிடுங்கிவிட்டார். பாங்கு பாதியில் அறுந்தது. அப்போதுதான் கிளாக்கர் அண்ணன் கரண்டையும் ஜெனரேட்டரையும் பற்றிச் சொன்னார். பாதிப் பாங்கில் ஆட்டத்தைத் தொடங்குவது அவருக்கு முறையாகப் படவில்லை. பள்ளியில் மிச்சத்தைச் சொல்லி முடிக்கும்வரை நிற்கப்போகிறார். மிச்சம் காக்காவின் கையில், இரண்டு பற்றரியாக இருந்தது.

சும்மா நிற்கிற மனிதர் கதைக்கத் தொடங்கினார். நான் மைக்கைத் திறந்து பதில் சொன்னேன்.

“தம்பி, போன கிழமை தந்த களிசான் இடுப்பில கொஞ்சம் இறுக்குது.”

“நீங்க முப்பத்தாறு எண்டுதானே அண்ணன் சொன்னீங்க.”

“நான் சொன்னா? நீங்க அளந்து பாக்கிறதில்லையா?”

“அளந்தா முப்பத்தெட்டு வந்த. நீங்க ரெண்டாம் முறையும் முப்பத்தாறெண்டு சொன்னீங்க.”

“அது மரியாதைக்குச் சொல்லுறது தம்பி.”

நான் மறுபடி மைக்கைப் பொத்த, லொறிக்காரன் என் காதுக்குள், “களிசான மறுகா பாப்பம், இப்ப நெஞ்சுல அடி” என்றான். அரை மௌலவியும் கட்சி மாறி, “சுட்டா குத்தமில்லாண்டுதான் எனக்கும் படுது” என்றான். நான் காக்காவைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லுகிற மனிதர், மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஒன்ட விரல்தானே” என்று மட்டும் சொல்லி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்றக் கையின் விரல் எப்போதோ மவுஸுக்குத் திரும்பியிருந்தது. ஒரு அமத்து அமத்தினால் வெற்றி, மட்டக்களப்பு, முக்காலி எல்லாம் எனக்கு. இன்னொருவராக இருந்தால் அமத்தியிருப்பேனோ என்னவோ, அல்லாஹ்தான் அறிவான். அந்த மனிதர் எங்கள் பாங்குக்காக, எங்கள் சட்டத்துக்காக வெறும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சுட்டுவிட்டால் நாளைக்கு அவர் களிசானோடு வருவார். நான் நாடாவை அவர் இடுப்பில் சுற்றிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். மைக்கிலிருந்து கையை எடுத்தேன்.

“அண்ணன், அது பள்ளிப் பாங்கில்ல. கடை மணிக்கூடு. சவூதி நேரத்துக்குச் சொல்லுற.”

லொறிக்காரன் தலையில் கையை வைத்தான்.

“அப்ப நான் இவ்வளவு நேரமும் சவூதிக்காரனுக்காகவா நிண்டன்?”

“ஓம் அண்ணன்.”

“நீங்க அப்பவே சுட்டிருக்கலாமே.”

“ஓம் அண்ணன்.”

“சரி. நீங்க உண்மையச் சொன்னதால நானும் ஒண்டு சொல்லுறன். அந்தப் பெட்டிக்கு மேல உங்கட தலை தெரியுது. நான் ஓடி வந்த நேரம் தொட்டுத் தெரியுது. குனிஞ்சு கொள்ளுங்க. மூண்டு எண்ணிப்போட்டுத் தொடங்குவம்.”

குனிந்தேன். நான் குனிய, அவர் நெஞ்சில் இருந்த என் குறியும் குனிந்து பெட்டிப் பலகையைப் பார்த்தது. அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்தி நிறுத்தி எண்ணினார். ஒரு எண்ணையும் விழுங்கவில்லை. எண்ணி முடித்து, பெட்டியைச் சுற்றி வந்து, என்னைச் சுட்டார்.