கடைசி நிறுத்தத்தை வெட்டச் சொன்னார்கள்

நடந்துகொண்டே கதை சொல்லிப் பிழைப்பது என் தொழில். கால் நோவுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கலாம். வாய் நோவுக்குத்தான் இன்னும் மருந்து வரவில்லை.

அமெரிக்கா என்ற நாடு உண்டாவதற்கு லண்டனில் என்னென்ன நடந்தது என்று காட்டுகிற நடைச் சுற்றுலா என்னுடையது. ரொதர்ஹைத் ஆற்றங்கரையில் தொடங்கி, டிரஃபால்கர் சதுக்கம் வழியாக, லட்கேட் ஹில்லில் முடியும். நான் யாழ்ப்பாணத்துக்காரி. செவன் கிங்ஸ், அதாவது ஏழு ராஜாக்கள், என்ற பெயருள்ள ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரு ராஜா வேண்டாம் என்றவர்களின் கதையை அவர்களுடைய வாரிசுகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன். கடையில் நிற்பவர்களே, டாக்சி ஓட்டுபவர்களே, முன்பின் தெரியாத ஒருவர் போனில் குத்துகிற நட்சத்திரத்தை நம்பி அடுத்த கிழமை வேலைக்குப் போகிறவர்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்கள் சின்ன நிறுவனத்தின் மேலாளர் டெனிஸ். நல்லவள்தான். ஆனால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, லட்கேட் ஹில் நிறுத்தத்தை வெட்டிவிடு என்றாள். அங்கே நான் ஒரு சாவைச் சொல்கிறேனாம், வந்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார்களாம், டிரஃபால்கரிலேயே சிரித்து முடித்துவிட வேண்டுமாம். எனக்கு அந்த நிறுத்தம் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதத் தவணை வாங்கினேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை அவளே கூட நடந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்தத் தவணைக்குள் நடந்தவைதான் இவை.

ஏறாதவர்கள்

மேஃப்ளவர் கப்பல் இந்தக் கரையிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது என்று ரொதர்ஹைத்தில் தொடங்குவேன். அமெரிக்கர்கள் உடனே படம் எடுப்பார்கள். தங்கள் மனசுக்குப் பட்டபடி கும்பிட விடவில்லை என்று நாட்டை விட்டவர்களும், பிழைப்புத் தேடிப் போனவர்களும் அதில் கலந்து போனார்கள். கூடவே இன்னொரு கப்பலும் போக இருந்தது. அது ஒழுகியது. திரும்பி வந்து திருத்திக்கொண்டு புறப்பட்டார்கள்; மறுபடியும் ஒழுகியது. கடைசியில் அதைக் கைவிட்டு, ஏற்ற முடிந்தவர்களை மட்டும் ஒரே கப்பலில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பகுதியை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம்.

ஒருநாள், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, கனடாவிலிருந்து வந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணை என்னை நகர விடவில்லை. ஆட்களை ஏற்றி அனுப்புகிற ஏஜென்சி வேலை பார்த்தது யார், இடமில்லை என்றதும் யாரை இறக்கினார்கள், புருஷனை ஏற்றிப் பெண்சாதியை விட்டார்களா என்று கேள்வி மேல் கேள்வி. அமெரிக்கர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். எனக்கோ பாதிக்குப் பதில் தெரியவில்லை. இங்கே வருகிற வழியில் பாங்கொக்கில் ஒரு அறைக்குள் மாதக்கணக்காகக் கிடந்தவராம் அவர்; கூட இருந்த பலரை ஏஜென்ட் அங்கேயே விட்டுவிட்டுப் போனானாம். "ஏறினவன்ர கதை எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி. இறக்கிவிட்டவையள் பிறகு என்ன செய்தவை எண்டு பாத்துச் சொல்லுங்கோ," என்றார்.

சோளம்

அந்தக் கப்பலில் போனவர்களின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி யாராவது வருவார்கள். பாஸ்டன் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, மிகவும் அமைதியானவர், கோட்டில் கப்பல் வடிவத்தில் ஒரு சின்ன ஊசி குத்தியிருந்தார். குளிர்காலத் தொடக்கத்தில் கரையிறங்கியவர்கள் மண்ணைத் தோண்டி, அங்கிருந்த பழங்குடிச் சனம் கூடை கூடையாகப் புதைத்து வைத்திருந்த சோளத்தை எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். பிறகு அவர்கள் ஊர் அமைத்த இடம் முன்பே திருத்திய நிலம், அங்கிருந்த சனம் கொள்ளைநோயில் செத்துப் போயிருந்தது என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் காரமாகிவிட்டது. மறைக்கவில்லை. ஆளில்லாத வீடும் திருத்திய தோட்டமும் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வரலாற்றுப் புத்தகம் தேவையில்லை. நாங்கள் விட்டுவிட்டு ஓடிய வளவுகளில் யார் யாரோ விளைச்சல் எடுத்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த அம்மா கோபிப்பார், டெனிஸுக்கு முறைப்பாடு போகும் என்று நினைத்தேன். அவரோ ரயில் நிலையம் வரை என் பக்கத்திலேயே நடந்தார். கனடா வாட்டர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது சொன்னார். "அந்தச் சோளத்தால்தான் உயிர் பிழைத்தோம் என்று நன்றித் திருநாளன்று வருடா வருடம் சொல்லுவோம். அதைப் புதைத்து வைத்தவர்கள் அந்தக் குளிர்காலத்துக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று எங்கள் மேசையில் யாரும் கேட்டதில்லை."

பீடத்துக்குக் கீழே

டிரஃபால்கர் சதுக்கத்தில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிக்கு ஒரு சிலை இருக்கிறது. இங்கிலாந்து மண்ணில் ஒருபோதும் கால் வைக்கமாட்டேன் என்று அவர் சொன்னதாகவும், அதனால் பீடத்துக்குக் கீழே அவர் ஊர் மண்ணைக் கொண்டுவந்து போட்டிருப்பதாகவும் ஒரு பேச்சு. ஆதாரம் கேட்டால் நான் அடுத்த சிலையைக் காட்டுவேன்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். டெனிஸ் விரும்புகிற முடிவு இதுதான். வெம்பிளியில் மகன் வீட்டுக்கு வந்திருந்த கோயம்புத்தூர்த் தம்பதியில் அந்த ஐயாவும் நன்றாகச் சிரித்தார். மனைவி மட்டும் சிலையின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீம்புக்காரர்தாங்க, ஆமா. ஆனா அத்தன தூரத்துல இருந்து மண்ணெடுத்துட்டு வந்து போட ஆளு இருந்துச்சு பாருங்க, அதெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்," என்றார்.

சின்ன மாநிலங்கள்

சாரிங் குரொஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், அமெரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களின் சார்பில் லண்டனுக்கு வந்து, வருடக்கணக்காக மனுக்கொடுத்துக் களைத்த ஒருவர் தங்கியிருந்த வீடு உண்டு. எங்கள் ஆட்கள் பாராளுமன்றத்தில் இல்லை, எங்களிடம் கேட்காமல் வரி போடாதீர்கள் என்பதுதான் வழக்கு. ஒருநாள் அவரை நிற்க வைத்து, அரசரின் ஆலோசனைச் சபையில் எல்லார் முன்னாலும் ஏசித் தீர்த்தார்கள். அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரிட்டனோடு போர் தொடங்கியிருந்தது. பின்னாளில், தளர்ந்த வயதில், புதிய நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதிய மண்டபத்திலும் அவர் இருந்தார்.

அந்த மண்டபத்துச் சண்டையைச் சொல்வேன். பெரிய மாநிலங்கள் ஆள் தொகைப்படி இடம் கேட்டன. சின்னவை, நாங்கள் விழுங்கப்பட்டுவிடுவோம் என்று முரண்டு பிடித்தன. கடைசியில் ஒரு சபை ஆள் தொகைப்படி, மற்றச் சபையில் பெரிதோ சிறிதோ எல்லோருக்கும் சமமான இடம் என்று முடிந்தது. அதே மண்டபத்தில் அடிமைகளை முழு ஆளாக எண்ணாமலே கணக்கு முடித்தார்கள் என்பதையும் விடமாட்டேன். அமெரிக்கர்களுக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம், கொட்டாவி வரும். ஆனால் ஹரோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர், கையை உயர்த்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் போடவில்லை. "சின்னவன் பயப்பிடுறான் எண்டதைக் காதில வாங்கி, எழுத்திலயும் போட்டிருக்கிறாங்கள். எங்கட ஆக்கள் வேற என்னத்தைப் பிள்ளை கேட்டவை?"

லட்கேட் ஹில்

இப்போது அந்த நிறுத்தம். செயின்ட் போல்ஸ் கோயிலுக்குச் சற்றுக் கீழே, முன்பு ஒரு சத்திரம் இருந்த இடம். இன்று அதன் அடையாளம் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் காப்பிக் கோப்பையுடன் நம்மை இடித்துக்கொண்டு போவார்கள். வர்ஜீனியாப் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகளை அந்தச் சத்திரத்தில் தங்கவைத்தார்கள். குடியேறியவர்கள் பிடித்து வைத்திருந்த பெண். பிறகு அவர்கள் மதத்தில் சேர்ந்து, அவர்களில் ஒருவரையே கட்டினாள். குடியேற்றம் நன்றாக நடக்கிறது என்று லண்டனுக்குக் காட்ட அவளைக் கூட்டிவந்தார்கள். ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட கப்பல் தேம்ஸ் ஆற்றைத் தாண்டுமுன்னே அவளுக்கு நோய் முற்றியது; கிரேவ்செண்ட் என்ற ஊரில் கரையிறக்கினார்கள், அங்கேயே இறந்தாள். புருஷன் பயணத்தைத் தொடர்ந்தான். சின்ன மகனை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டான். அவளைப் புதைத்த தேவாலயம் பின்னாளில் எரிந்தது. எந்த இடம் என்று இன்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது.

என் அண்ணன் ஏஜென்ட்டை நம்பி வீட்டை விட்டவன். பனி நாடு ஒன்றில், வழியில், காய்ச்சலில் போய்விட்டான். கூடப் போனவர் ஒருவர் பல மாதம் கழித்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தக் குழி, தெரியாது. உடலும் இல்லை, நாளும் தெரியாது என்று வீட்டில் செத்த வீடே நடக்கவில்லை. அம்மா கடைசி வரை அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தார். எனக்கு அவனுக்காக நின்று அழ ஒரு இடம் இல்லை. லட்கேட் ஹில்லில் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்கிற சில நிமிடம்தான் எனக்கு அவன். இதை டெனிஸிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மாதம் வெம்பிளியிலிருந்து ராசமணி அக்கா என்று ஒருவர் மருமகளோடு வந்திருந்தார். கதை முடிந்ததும் மற்றவர்கள் கலைந்தார்கள், அவர் நின்றார். ஏன் பிள்ளை உன்ர முகம் இப்பிடி இருக்கு என்று கேட்டார். முன்பின் தெரியாத மனிசியிடம், நடைபாதையில் நின்று, அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தால்தான் போன உயிருக்கு வழி என்பார்கள். அதைத்தான் கேட்டார். "அப்ப அந்தப் பெட்டைக்கும் ஒருத்தரும் செய்யேல்லை, உன்ர கொண்ணருக்கும் ஒருத்தரும் செய்யேல்லை, என்ன?"

டெனிஸ் வந்த சனிக்கிழமை

மாதக் கடைசிச் சனிக்கிழமை. வெம்பிளி முதியோர் ஒன்றுகூடல் சனம் முழுவதையும் ராசமணி அக்கா திரட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தின் பின்னால் குடையுடன் டெனிஸ். எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். போயிட்டு வாறம் என்று வாசலில் சொல்லத் தொடங்கினால், படலையில் ஒருமுறை, காருக்குள் ஏறி ஒருமுறை, கண்ணாடியை இறக்கி ஒருமுறை. காலையில் அவர்களைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. இவர்கள் போடுகிற சத்தத்தில் டெனிஸ் மனம் மாறிவிடுவாள் என்று நம்பினேன்.

லட்கேட் ஹில்லில் தூறல். சொல்லி முடித்தேன். கை தட்டல் இல்லை. ராசமணி அக்கா வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு மற்றப் பெண்கள், ஒருவர் பின் ஒருவராக. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் ஒரு கணம் நின்றார்கள். அதன் பின் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல், ஒரு சொல் சொல்லாமல், ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள்.

டெனிஸுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு நன்றி இல்லை, ஒரு குட்பை இல்லை, எப்போது தப்பிப்போம் என்று இருந்திருக்கிறார்கள், மன்னித்துக்கொள், முடிவு உனக்கே தெரியும் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். எங்கள் ஊரில் செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது போயிட்டு வாறன் என்று சொல்லமாட்டார்கள். அப்படி ஒரு வீட்டுக்குத் திரும்ப வரும்படி ஆகக் கூடாதே. பேசாமல்தான் போவார்கள். போகுமுன் உரித்துக்காரரை, செத்தவரின் நெருங்கிய சொந்தத்தை, கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள். ராசமணி அக்கா என் கதையைச் சொல்லித்தான் அவர்களைக் கூட்டிவந்திருக்கிறார், இங்கே உரித்துக்காரி நான். அப்படியென்றால் இது யாருடைய செத்த வீடு என்று அவள் கேட்டாள். அண்ணனின் பெயரைச் சொன்னேன். இத்தனை வருடத்தில், வேலை இடத்தில், அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நன்றிக்கும் விடைபெறவும் சியர்ஸ் சொல்கிற டெனிஸ், அன்று ஒன்றும் சொல்லாமல் குடையை மடக்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலை போன் வந்தது. "லட்கேட் ஹில் இருக்கட்டும். இனிமேலும் அதுதான் கடைசி; அங்கே யாரும் கை தட்ட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு."

ஆகவே, என்னைப் போல வாயால் பிழைக்கிறவர்களே, ஒருநாள் உங்கள் வாடிக்கையாளர் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து போனால், உடனே நட்சத்திரத்தை எண்ணப் போகாமல், அவர்கள் எந்த வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.