குடமும் பிரவுன் பெல்ட்டும்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பகலவன், எது நிஜச் சண்டை என்று ஓராண்டு ஆராய்ந்தான். ஒரு கராத்தே வகுப்பில் குத்து மூக்கருகே வந்து நின்றுவிட்டது. டேக்வாண்டோவில் முகத்தில் கையால் குத்தக்கூடாதாம். அதெல்லாம் ஒரு சண்டையா? கடைசியில், உடம்பில் அடி விழுகிற கராத்தேயைத் தேடிப் பிடித்து, இரண்டே ஆண்டில் பிரவுன் பெல்ட் வாங்கினான்.

2003 கோடையில் மனைவி மகிழினிக்குக் காய்ச்சல். எம்.கே.பி. நகரில் தண்ணீர் லாரி வந்ததும் அவனே குடத்தோடு போனான். வரிசையில் ஒரு பெண் அவனை இடித்து முன்னே புகுந்தாள். சண்டைக்கு முன் எதிராளியை வணங்குவதுதானே முறை? பகலவன் இரண்டடி பின்வாங்கிக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் நின்ற இடத்தில் ஏழு குடங்கள் இருந்தன.

காலிக் குடத்தைப் பார்த்து, நடந்ததைக் கேட்ட மகிழினி, காய்ச்சலோடு எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள்.

"கும்புட்டுகினு நிக்கத்தான் ரெண்டு வர்சம் போயி கத்துக்கினியா?"