தொட்டுக் கும்பிட்ட ஃபால்

கேரம் ஆடுபவர்களுக்குக் கை நடுங்கக் கூடாது என்பார்கள். என் கை நடுங்காது. எனக்குக் கால்தான் நடுங்கும், அதுவும் வலது கால். மூன்று அண்ணன்கள் நாலாவது ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பழக்கிய ஆட்டம் அது. வீட்டில் ஆடும்போது எனக்குக் கால் இருப்பதே தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், மதுரையில் நடந்த மாவட்டப் போட்டியின் பெண்கள் ஃபைனலில்தான் அந்தக் கால் தன் வேலையைக் காட்டியது. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். மாவட்டத்தில் முதல் பரிசு வாங்கி வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இரண்டாம் பரிசுக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த வருடம் அந்த இடம் காலியாக இருக்காது. இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே நூறு தடவை நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மேலூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல் மாதிரி முகம். ஒரு காய் விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான். அந்த முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போயிற்று. பவுடர் பறக்கும் என்று ஃபேனை வேறு நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். எழுந்து போய் அதைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது. பயந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் கடைசி போர்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு ஒரு வெள்ளை பாக்கி, அவருக்கு ஒரு கறுப்பு, நடுவில் ரெட். ரெட்டைப் போட்டால் கையோடு சொந்தக் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். அதைத்தான் ஃபாலோ என்போம். தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். என் முறை. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தேன். வலது கால் தையல் மெஷின் மிதிக்க ஆரம்பித்தது. இடது காலால் அதை அழுத்தப் பார்த்தேன். அது திமிறிக்கொண்டு போய் எதிரே இருந்தவரின் முழங்காலில் இடித்தது.

யோசிக்கவே இல்லை. பெரியவர் மேல் கால் பட்டுவிட்டதே என்று சட்டென்று குனிந்து, எட்டாமல் நாற்காலியை விட்டு எழும்பி, போர்டுக்கு அடியில் அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“ஃபால். ஆட்டத்துல சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாதும்மா,” என்றார் நடுவர்.

“கால் பட்டுருச்சு சார், அதான்...”

“கால் பட்டா என்னம்மா? ரூலு ரூலுதான்.”

நான் ஏற்கெனவே போட்டிருந்த வெள்ளையில் ஒன்றைத் தண்டனையாகத் திரும்ப போர்டில் வைத்தார்கள். முறையும் போயிற்று. மரியாதை கற்றுக்கொடுத்த மொத்தக் குடும்பத்தையும் மனதுக்குள் திட்டினேன். ஆனால் அதைவிட வேறொன்று என்னைக் கலக்கியது. நான் தொட்ட அந்த முழங்கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் காலைவிட மோசமாக.

முகம் மட்டும் அதே கல். அவர் ரெட்டைப் போட்டார். ஃபாலோவுக்கு அவருடைய கறுப்பு பாக்கெட் வாயிலேயே நின்றது. குழந்தை ஊதினாலும் விழும். அவர் ஸ்ட்ரைக்கர் அதை உரசிக்கொண்டு போய்விட்டது. ரெட் நடுவுக்குத் திரும்பியது.

இனி நான் விட்டால் அந்தக் கறுப்பு அவருக்குக் காத்திருக்கிறது. ஒரு வெள்ளையைப் போட்டேன். ரெட்டைப் போட்டேன். கடைசி வெள்ளைக்குக் குறி பார்த்தேன். போர்டுக்கு அடியில் இரண்டு பேர் காலும் ஆடுவது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் எதற்காகப் பயப்படுகிறார் என்ற நினைப்பு வந்தது. வரக் கூடாத நேரம். அடித்துவிட்டேன். விழுந்தது.

கை தட்டினார்கள். நடுவரைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை விட்டு எழுந்தேன்.

சான்றிதழ் வாங்க மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “நீங்க எங்கக்கா வேலை பாக்குறீங்க?”

“ஒரு ஆபீஸ்ல டெம்ப்ரவரி. அஞ்சு வருசமாச்சு. இன்னைக்கு ஜெயிச்சா பெர்மனென்ட் பண்றேன்னாங்க,” என்றார். கையில் இரண்டாம் பரிசுக் கோப்பை இருந்தது.

“அக்கா, எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கங்கக்கா.”

“எதுக்கு?” என்றார் அவர். “கால் பட்டதுக்குத்தான் அப்பயே தொட்டுக் கும்பிட்டுட்டியே. விடு.”