ஆம்பளை ஈக்கு மாட்டின பொறி

பர்கூர் பக்கத்துல இருக்குற மாந்தோப்பு எனக்கும் எங்கண்ணனுக்கும் பொது. அங்கேயே குடியிருந்து பார்த்துக்கறது நான். அண்ணன் ஓசூர் கம்பெனியில சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமை கார்ல வந்து புத்தி சொல்லிட்டுப் போவான். போன வருஷம் ஒரே பேச்சா சொல்லிட்டான்: "இந்தத் தடவை காய் மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஒழுங்கா போய்ச் சேர்ந்தா தோப்பு இருக்கட்டும். இல்லைன்னா பிளாட் போட்டு வித்துடலாம்." எனக்கு அதை விட்டா வேற போக்கிடம் கிடையாது.

பழ ஈக்குப் பொறி வாங்கி, பிஞ்சு நிக்கிறப்பவே தோப்பு முழுக்க மாட்டணும்னு அண்ணன்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஐயாவுக்கு லீவு கிடைக்கலை. காய் மஞ்சள் தட்டினப்புறம் வாங்கிட்டு வந்து, எல்லாத்தையும் கேட்டுக்குப் பக்கத்துலயே வரிசையா மாட்டினான். ரோட்டுல போறவங்க கண்ணுல படணுமாம்.

அந்தப் பொறிக்குள்ள வாசனை மருந்துல ஊறின ஒரு கட்டை இருக்கும். அதுக்கு வர்றது ஆம்பளை ஈ மட்டும்தான். அந்த வாசனையைத் தின்னுட்டுப் போனாத்தான் பொம்பளை ஈகிட்ட அதுக்கு மவுசுன்னு வேளாண்மை ஆபீஸ் அம்மா சொன்னாங்க. மாப்பிள்ளை பொண்ணு பார்க்கப் போக சென்ட் அடிச்சுக்கிற மாதிரிதான். கட்டையில விஷமும் இருக்கறதால அங்கேயே விழுந்து சாகும். பொம்பளை ஈ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தப்பிச்ச ஒரு ஆம்பளையே அதுங்கள்ல பல பேருக்குப் போதும்.

"ஆம்பளையே இல்லைன்னா பொம்பளை என்ன பண்ணும்?"னு அண்ணன் கேட்டான். கேள்வியோட லட்சணத்தைப் பாருங்க.

"அதுங்க சோலி எப்பவோ முடிஞ்சு, காய்க்குள்ள முட்டை வெச்சாச்சு ண்ணா. விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்கணும், ரெண்டு ஆள் விடு"ன்னேன்.

ஆள் விடலை. செத்த ஈயை உள்ளங்கையில கொட்டி, போட்டோ எடுத்து, வாட்ஸப் குரூப்புல போட்டான். கை நிறைய செத்துக் கிடந்ததுங்களுக்கும் அவனுக்கும் புத்தி ஒரே அளவுதான். நான் ஒருத்தியா முடிஞ்சவரைக்கும் பொறுக்கினேன்.

ஃபேக்டரியில வெட்டிப் பார்த்தா, புழு நெளிஞ்சுது. லோடைத் திருப்பி விட்டுட்டாங்க. அண்ணன் என் எதிர்லயே அவங்களுக்கு போன் போட்டு, "எந்தங்கச்சிதாங்க பார்த்துக்குறா, பொம்பளைக்கு என்ன தெரியும்"னான். கோபம்கூட வரலை எனக்கு, அருவருப்புதான் வந்துச்சு.

ஆடி பொறக்கறதுக்குள்ள தாம்பாளத்தோட வந்து நின்னான். பட்டுப்புடவை, பழம், ஸ்வீட் பாக்ஸ். பல வருஷமா எட்டிப் பார்க்காத பொங்கல் சீர், ஆனி மாசத்துல வருது. புடவைக்கு அடியில பத்திரம்.

"அண்ணன் ஆசையா எடுத்தேம்மா. கட்டிக்க. அப்படியே அதுல ஒரு கையெழுத்து போட்டுடு."

பிரிச்சுப் பார்த்தேன். அரக்குக் கலர், ஜரிகையும் மோசமில்லை. புடவையை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டினேன். பத்திரத்தைத் தாம்பாளத்தோட அவன் கையில குடுத்துட்டு, விழுந்த பழம் பொறுக்கப் போயிட்டேன்.