சித்தியின் ஐந்து நிமிடம்

எங்கள் சித்தி பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையில் இருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாரம் பகுதியில் எங்கள் வீட்டில் எங்களோடுதான் குடியிருந்தார். காலையில் வெள்ளைத் தொப்பியோடு கிளம்பினால், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களையும் மாதா கோவிலையும் பெரிய மார்க்கெட்டையும் பேசிப் பேசியே காட்டிவிட்டு, மத்தியானம் தொண்டை கட்டித் திரும்புவார். வீட்டிலும் அந்தப் பேச்சு ஓயாது. அம்மா ரசம் தாளிப்பதைக்கூட பிரெஞ்சில் யாருக்கோ விளக்குவதுபோல் விவரித்து எங்களைச் சிரிக்க வைப்பார்.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வேறு எதையோ கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பால் பொங்கி வழியும். என்னைக் கூப்பிட வாயைத் திறப்பார், பெயர் வராது. "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குக்கா" என்றார் அம்மாவிடம்.

அந்த நிலையிலும் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு போனார். பழைய வீடு ஒன்றின் முன்னால் நின்று, சுவரை எதனால் பூசியிருக்கிறார்கள் என்று சொல்ல வந்தவருக்குச் சுண்ணாம்பு என்ற வார்த்தை மறந்துபோனது. பிரெஞ்சு வார்த்தையும் வரவில்லை, தமிழ் வார்த்தையும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, ஆட்டோ பிடித்து அவர்களை விடுதிக்கு அனுப்பிவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"போதும்டி. துணிக்கடை எதுலயாவது போய் உக்காரு. ரொம்பப் பேசாத வேலையா பாரு" என்றார் அம்மா.

மறுநாள் சித்தி என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, மெல்லத்தான் தெளியும் என்றார் அவர். "நல்லா தூங்குங்க, நடங்க. மூளைக்குச் சின்னச் சின்ன வேலை குடுங்க. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல போகாதீங்க. இழுத்துப் போட்டுச் செஞ்சா மறுநாள் எழுந்திரிக்கவே முடியாது."

ஐந்து நிமிடத்துக்கு செல்போனில் அலாரம் வைப்பது என் பொறுப்பானது. அதனால் நானே சித்திக்கு டாக்டர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். 'ப'வில் தொடங்கும் சமையல் சாமான்களைச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் பையைப் பார்க்காமல் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது பஸ் நிறுத்தங்கள். எங்கள் ஊர் பஸ் கடைசியாகப் போய் நிற்கும் கனகசெட்டிக்குளத்திலிருந்து, ஒவ்வொரு நிறுத்தமாகத் தலைகீழாகச் சொல்லி ஊர் வந்து சேர வேண்டும். சித்தி காலாப்பட்டு வரைக்கும் வருவார். அங்கே வண்டி நின்றுவிடும்.

எனக்குத் தாங்காது. ஒருநாள் "பொம்..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் வாயைப் பொத்தினார்.

"சொல்லாத. நீ சொல்லிட்டா அது உன் பயிற்சி. எனக்கு வரும். இன்னைக்கு வரலன்னா நாளைக்கு வரும்."

நாளைக்கும் வரவில்லை. பிறகு ஒருநாள் பொம்மையார்பாளையம் வந்தது. மறுநாள் மறுபடியும் காணாமல் போனது. ஒருமுறை பையைச் சுவரில் எறிந்தார், தக்காளி நசுங்கியது. ஆனால் அவரை நான் அதிகமாகக் கவனித்தது அலாரம் அடிக்கும்போதுதான். பாதி வார்த்தை நாக்கில் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நடக்கப் போய்விடுவார். இன்னும் ஒரு நிமிடம் என்று கேட்கவே மாட்டார். மறுநாள் காலையில் காபி குடித்த கையோடு, "போனை எடு" என்பார்.

மழைக்காலம் முடிந்து வெளிநாட்டவர்கள் வரத் தொடங்கியதும், சித்தி தன் அலுவலகத்துக்குப் போன் செய்து சின்னக் குழுவாக ஒன்று கேட்டார். வயதான கணவன் மனைவி இருவரைக் கொடுத்தார்கள். அம்மா என்னையும் கூட அனுப்பினார். "பக்கத்துலயே இரு. அவ முழிச்சா காதுல சொல்லிடு."

சுண்ணாம்புச் சுவரைச் சித்தி தடுமாறாமல் கடந்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த முனையில், மார்க்கெட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். பிறந்ததிலிருந்து நடந்த தெரு. நான் இடது பக்கம் காட்டக் கையைத் தூக்கினேன். சித்தி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு அவர்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் எனக்குப் புரிந்தது, காய்ச்சல், கொஞ்சம் பொறுங்கள் என்ற இரண்டும்தான். எனக்கு மானம் போனது. போயும் போயும் அவர்களிடமே சொல்வார்களா?

அந்தக் கிழவர் அவசரமில்லாமல் நிழலுக்கு ஒதுங்கினார். சித்தி கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. நாங்கள் வந்த தெருக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போயின.

"இப்படி" என்று இடது பக்கம் நடந்தார்.

மார்க்கெட்டில் பூவின் பெயர் ஒன்றும், மீனின் பெயர் ஒன்றும் மறந்துபோனது. ஒவ்வொரு முறையும் கொஞ்சமும் கூசாமல் அவர்களை நிறுத்தி வைத்தார். ஒன்று வந்தது, ஒன்று கடைசிவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாலேயே என்னைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: வழி மறந்தது, மீன் மறந்தது, அதை அவர்களிடமே சொன்னது. அம்மாவின் முகம் சுருங்கியது. சித்தி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அக்கா, நாளைக்குச் சுத்திக் காட்ட ஆபீஸ்ல ஆறு பேர் குடுத்திருக்காங்க. காலைல எனக்கு இட்லியா வச்சிடு" என்றார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டார். இத்தனை மறந்துவிட்டு வந்தவர் எதற்காக இரண்டாம் முறை குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார், இவ்வளவு நல்ல சேதிக்கு அம்மா ஏன் அழுகிறார் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சித்திக்கு இன்னும் பயிற்சி போதவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.