மாமி தீர்ப்புச் சொன்ன வெள்ளிக்கிழமை

என் கணவருக்கும் என் தம்பிக்கும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகும், கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸா விண்டோஸா என்ற ஒன்றைத் தவிர. கணவர் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் வருஷக்கணக்கில் மக்கர் பண்ணாமல் ஓடும் என்பது அவர் கட்சி. தம்பி செல்லூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ஜனங்களுக்குப் பழகியது விண்டோஸ், கைக்குப் பழகியதுதான் சுலபம் என்பான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தம்பி கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். தட்டில் நெய்ச்சோறு விழுவதற்குள் தொடங்கிவிடும்.

“லினக்ஸ்ல வைரஸ் தொல்லையே இல்ல மாப்ள” என்பார் இவர்.

“பிரிண்டரும் வேலை செய்யாது மச்சான்” என்பான் அவன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; அவர் கல்லூரி போலவே எங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வினாத்தாள் அடிக்க ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். அது கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதிலிருந்து இரண்டு பேருக்கும் அதன்மேல் கண். நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டத் தொடங்கினேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தால்ச்சாக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மாமி, அதாவது என் கணவரின் அம்மா, கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நிறுத்துங்கடா. எனக்கு ரெண்டுமே தெரியாது. ரெண்டையும் கொண்டாங்க, எது லேசுன்னு நான் பாத்துச் சொல்றேன்.”

மாமிக்கு இதில் ஒரு சொந்தக் காரியமும் இருந்தது. மகள், அதாவது என் நாத்தனார், குவைத்தில் இருக்கிறார். போனில் அவர் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் தெரிகிறது என்று மாமிக்கு நெடுநாள் குறை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்காகத் தம்பி கடையிலிருந்து முன்கூட்டியே ஒரே மாதிரி இரண்டு பழைய லேப்டாப்கள் வந்தன. ஒன்றில் அவன் விண்டோஸ் போட்டிருந்தான். இன்னொன்றில் கணவர் முந்தைய நாள் லினக்ஸ் ஏற்றி, எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்தார். நான்தான் நடுவர். எங்கே அழுத்த வேண்டும் என்று ஒருமுறை காட்டலாம், அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் விண்டோஸ். தம்பி காட்டிய இடத்தில் மாமி அழுத்தினார். திரை நிறைய நாத்தனார் வந்தார். குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. மாமிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தம்பி என் கணவரைப் பார்த்துச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அப்போது ஒரு சிவப்புப் பெட்டி எழும்பி வந்து நாத்தனார் முகத்தை மூடியது. மாமி எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்து என்னிடம் அர்த்தம் கேட்டார்.

“கம்ப்யூட்டருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கு மாமி.”

“என்ன ஆபத்து?”

தம்பி பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான். “ஒண்ணுமில்ல மாமி, வைரஸ் பிடிக்கிறதுக்கு ஒண்ணு போட்டிருக்கேன். அது சும்மா காசு கேக்குது.”

“காசு கேக்குறவன ஏன்டா வீட்டுக்குள்ள விட்ட?”

கணவர் முகத்தைத் துண்டில் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்தது அவருடைய லேப்டாப். மாமி திரையில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் சத்தமாக வாசித்தார். “கோப்புகள்... குப்பைத் தொட்டி... அல்லாவே, இதுக்குள்ள குப்பத்தொட்டியெல்லாம் வச்சிருக்கானுக!” பிறகு, “உலாவி. உலாவின்னா என்ன, உலாத்தப் போறதா?” பிரவுசரைத்தான் தமிழில் அப்படிப் போட்டிருந்தது. கணவர் விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். நான் விரலைத் தூக்கினேன். மாமி தானே அதை அழுத்தி, தானே மகளைக் கண்டுபிடித்தும் விட்டார். தம்பி முகம் வாடியது.

நாத்தனார் வந்தார். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

“ஏம்மா, தொண்ட கட்டிக்கிருச்சா?” என்றார் மாமி.

அங்கே நாத்தனார் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அவ்வளவுதான், கணவர் பாய்ந்துவிட்டார். கருப்புத் திரை ஒன்றைத் திறந்து மளமளவென்று எதையோ அடிக்கத் தொடங்கினார்.

“என்னடா இது, எல்லாம் கருத்துப் போச்சு!”

“ரெண்டே நிமிசம்மா.”

ரெண்டு நிமிஷத்தில் ஒன்றும் முடியவில்லை. கருப்புத் திரைக்குப் பக்கத்தில் தெரிந்த இடுக்கில் நாத்தனார் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து எங்கள் முன்னாலேயே குடித்தார். கணவருக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. முதலில் ரசித்துக்கொண்டிருந்த தம்பி மெல்ல நகர்ந்து வந்து உட்கார்ந்தான்.

“தள்ளுங்க மச்சான். சத்தம் வேற எங்கயோ போகுது.”

இரண்டு இடத்தில் அழுத்தினான். சட்டென்று நாத்தனார் குரல் அறையை நிறைத்தது. “...இன்னும் நோண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சிரித்தோம், கணவரைத் தவிர. அவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லினக்ஸ்ல அது எங்க இருக்குன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

தம்பி கழுத்தைச் சொறிந்தான். “கடையில ஒரு பழைய மெசின்ல போட்டு வச்சிருக்கேன் மச்சான். சும்மா, பாப்போமேன்னு.”

“எத்தன நாளா?”

“அது கெடக்கு, விடுங்க.”

கணவர் அவனை இழுத்துக் கட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்தால், நிக்காஹ் அன்று என்னைப் பார்த்தபோதுகூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது என்று தோன்றியது.

மாமி தீர்ப்புச் சொன்னார். “தமிழ்ல இருக்கிறது எனக்கு இருக்கட்டும். ஆனா கெட்டுப்போச்சுன்னா தம்பியத்தான் கூப்பிடுவேன். நீ வந்தா கருப்பாக்கிருவ.”

இருவருக்கும் அரை வெற்றி என்பதால் சண்டை நிற்கவில்லை. ஆனால் சுவை மாறிவிட்டது. இப்போது தம்பி லினக்ஸில் எது வேலை செய்யவில்லை என்று விவரமாகச் சொல்கிறான். கணவர் அதைக் குறித்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டு வருகிறார்.

கணவர் மாமியின் கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டிக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து நாத்தனார் என் போனுக்கு அழைத்தார்.

“அம்மாகிட்டயிருந்து பக்கம் பக்கமா மெயில் வருது. யாரு அடிச்சுத் தாரது? நீங்களா?”

நான் எட்டிப் பார்த்தேன். மாமி கூடத்து மேஜையில் கண்ணாடியை மூக்குநுனியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரல் கீபோர்டுக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

“மாமி, ஒங்க மக பேசுறாங்க” என்று போனை நீட்டினேன்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“அப்பறம் பேசுறேன்னு சொல்லு புள்ள. அவளுக்குத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். இந்த ‘ழ’ எங்க போச்சுன்னு தெரியல.”