சாணம் காய்கிற நேரம்

ஓட்டுப் போடப் போனபோதுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் பல வருஷம் கழித்துக் கால் வைத்தேன். தரை முழுக்க டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். வழுக்கிவிடுமோ என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வழுக்குகிற பயம் இல்லை. சிமிண்டுப் பக்கம் எது, மண் பக்கம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நான் படித்த காலத்தில் அது நீளமாக ஒரே கூடம். ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாரும் அதற்குள்தான். வாத்தியாரும் ஒருவர்தான். ஊர் மிராசுதார் தன் அப்பா பேரில் சிமிண்டுத் தரை போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பித்தார். மூட்டை தீர்ந்துபோனது, அப்பா பேரும் பாதித் தரையோடு நின்றுவிட்டது. சிமிண்டில் பையன்கள் உட்கார்ந்தார்கள். மண்ணில் பெண் பிள்ளைகள் நாங்கள் உட்கார்ந்தோம். அப்படி யாரும் சொல்லவில்லை. முதல் நாள் யாரோ உட்கார்ந்தார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது.

மண் தரை என்றால் மெழுக வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாணம் கொண்டுவருவோம். காலையில் மணி அடித்ததும் பெண் பிள்ளைகள் எல்லாரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் எடுத்து, கூட்டி, சாணம் கரைத்து மெழுகி முடிப்போம். அப்புறம் அது காய வேண்டுமே. காயும்வரை வெளியே பூவரச மரத்தடியில் பாண்டி ஆடுவோம். எங்களுக்குச் சந்தோஷமான நேரம் அது. உள்ளே வாத்தியார் பையன்களுக்குப் பாடம் நடத்துகிற சத்தம் கேட்கும். கோயிலில் மந்திரம் சொல்கிறாற்போல நமக்குச் சம்பந்தமில்லாத சத்தம்.

வாத்தியார் கெட்டவர் இல்லை. கணக்கைக் காலையில் சொல்லிக்கொடுத்தால்தான் மண்டையில் நிற்கும் என்பார். தரையைக் காலையில் மெழுகினால்தான் லட்சுமி வருவாள் என்றும் அவரேதான் சொல்வார். இரண்டும் நல்ல பேச்சுத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா அப்போது ஐந்தாவதில் இருந்தாள். ஐந்தாவதிலேயே இருந்தாள் என்பதுதான் சரி. கணக்கில் மட்டும் தேறமாட்டாள், ஒரு வருஷம் போய் இது இரண்டாம் வருஷம். "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்குங்க, பால் கணக்கு தெரிஞ்சா போதாதா" என்று வாத்தியார் அப்பாவைச் சமாதானம் செய்வார். அப்பாவுக்கு அது சமாதானமாக இல்லை. இந்தத் தடவையும் போய்விட்டால் நிறுத்தி நடவுக்கு அனுப்பிவிடுவதாகவும், தேறினால் கீழ்வேளூர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகவும் சொல்லிவிட்டார். அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு மண்டையில ஏறலடி" என்று ராத்திரி படுக்கையில் என்னிடம் மட்டும் சொல்வாள். நான் மூன்றாவதில் இருந்தேன். என்னிடம் சொன்னால் வெளியே போகாது, எனக்கு யாரிடமும் வாயே திறக்காது.

அந்த ஐப்பசியில் அரிவாள்மணையில் என் கை நன்றாக வெட்டுப்பட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். புண் கையைச் சாணத்தில் வைக்காதே என்று வாத்தியார் என்னைச் சிமிண்டின் ஓரமாக உட்கார்த்திவைத்தார். வெளியே எல்லாரும் பாண்டி ஆட, எனக்கு மட்டும் இந்தத் தண்டனையா என்று அழுகையாக வந்தது. வேறு வழியில்லாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆறுவதற்குள் எனக்கு ஒரு பாட்டுப் படிந்துவிட்டது. வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே முணுமுணுத்தேன். "கீழ இருக்கிறத ஒண்ணாக்கு, மேல இருக்கிறதக் கூட்டு. கீழ இருக்கிறதக் கூட்டாதே."

அக்கா திரும்பினாள். "என்னடி ஒளர்ற?"

"பின்னக் கணக்குக்கா. அரையும் காலும் கூட்டுறது."

"அத யாரு உனக்குச் சொன்னா?"

"வாத்தியாருதான். தெனமும் சொல்றாரே, நீங்கல்லாம் மெழுகும்போது."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "தெனமும் அப்பத்தான் கணக்கா?"

"ஆமாம்மா."

"அப்ப இவ எப்பக் கத்துக்கிறா?"

நான் யோசித்தேன். "இவ கத்துக்கிறதில்லம்மா. மெழுகுறா."

அக்கா ஓவென்று அழுதாள். ஆனால் அது பழைய அழுகை இல்லை. மண்டையில் ஏறவில்லை என்று இருந்தவளுக்கு, மண்டைக்குப் பக்கத்திலேயே அது வரவில்லை என்று தெரிந்துபோனது.

மறுநாள் வயலிலிருந்து கரையேறிய அம்மா, சேற்றுக் காலோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். நான் முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

"ஐயா, மெழுகுறத சாயங்காலம் வச்சிக்கிட்டா விடியறதுக்குள்ள காஞ்சிடுமில்ல?"

"சாயங்காலம் புள்ளைங்க வீட்டுக்குப் போவ வேணாமா? இருட்டிப்போயிடும். யாரும்மா மெழுகுறது?"

"நாங்க மெழுகிடுறோம்."

வாத்தியார் சிரித்தார். "நடவு நட்டுட்டு வந்தா? ரெண்டு நாளைக்கு வருவீங்க. பாப்போம் பாப்போம்."

அந்த 'பாப்போம்' அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கூட நடவு நடுகிற செட்டுப் பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, அதே செட்டில்தான் இருந்தாள். அவளுக்கு ஊரே பயப்படும். "அந்தப் பக்கம் சிமிண்டி போட்ட மகராசன் இந்தப் பக்கம் போட, சாமி கனவுல வந்து சொல்லணுமா? வாங்கடி, நம்மளே போய்ப் பாத்துக்குவோம்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. செட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். சுவரோரமாக ஒரே வரிசையில் குனிந்தார்கள். நாற்று நடுகிற மாதிரியே பின்னால் பின்னால் நகர்ந்து மெழுகினார்கள். ஒருத்தி கை நின்ற இடத்தில் அடுத்தவள் கை ஆரம்பித்தது. நாங்கள் ஒரு மணி நேரம் இழைக்கிற தரை, வாத்தியார் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முடிந்தது. வாசல் வழியாகப் பின்பக்கமாகவே வெளியேறி நிமிர்ந்தார்கள். அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, "வாத்தியாரய்யா, சிமிண்டியும் கொஞ்சம் அழுக்கா இருக்கு. அத உங்க ஆம்பளப் புள்ளைங்களக் கூட்டச் சொல்லுங்க" என்றாள். அவர் வெற்றிலையை மெல்ல மறந்துபோனார்.

மறுநாள் காலை மணி அடித்ததும் நாங்கள் நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். தரை மொடமொடவென்று காய்ந்திருந்தது. வாத்தியார் வாசலில் நின்று பார்த்தார். "என்ன, எல்லாரும் ஒக்காந்திருக்கீங்க?"

அக்கா எழுந்தாள். "காஞ்சிருச்சு சார்."

அவரும் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. சிமிண்டைப் பார்த்து நின்ற கரும்பலகையை இரண்டு பேரை விட்டு நடுவுக்கு இழுக்கவைத்தார். கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார். பையன்கள் "ஐயோ, மறுபடியுமா" என்று முனகினார்கள். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வாத்தியார் சொன்ன இரண்டு நாள் எப்போதோ போய்விட்டது. நடவு முடிந்தது, களையெடுப்பு முடிந்தது, தையில் அறுப்பும் வந்தது. அறுப்பில் முதுகு ஒடிந்து வந்த நாளிலும் அவர்கள் முறை வைத்து வந்து குனிந்தார்கள். அரைப்பரீட்சையில் அக்கா கணக்கில் பாதி போட்டாள். முழுப்பரீட்சையும் எழுதிவிட்டு வந்தாள். அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வாத்தியார் எழுந்து நின்று பேர் வாசித்தார். ஐந்தாவதில் இருந்த பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறியிருந்தார்கள். அக்கா பேரை வாசித்தபோது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கணக்குல நல்ல மார்க்கு. இந்த வருஷம் கேள்வி கொஞ்சம் லேசுதான்" என்றார். இதை அப்புறம் அத்தையிடம் சொன்னபோது, "போன வருஷமும் அவருதானடி கேள்வி போட்டாரு?" என்று கேட்டாள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினாள். பண்ணையில் மோட்டார் இருந்ததால் அங்கே முன்கூட்டியே குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் அத்தையும் வரிசையில் குனிந்திருந்தார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. வரப்பில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அம்மா நாற்று முடியோடு நிமிர்ந்தாள். பிறகு வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். அத்தை சேர்ந்துகொண்டாள். வரிசை முழுக்க ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து குலவை போட, அடுத்த வயலில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. குடையோடு நின்ற பண்ணைக் காரியக்காரர் ஓடிவந்து, "என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, இன்னும் கெடக்கு" என்று அம்மா மறுபடி குனிந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் நாற்று வைக்கும்போது குலவை போடுவார்கள், வயல் முடிந்து கரையேறும்போது போடுவார்கள். பாதி வயலில் யார் போடுவார்கள்? அதுவும் அந்த வரிசையில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளையே கிடையாது.

அப்பாவிடம் சேதி சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "அக்கா என்னாச்சு?"

"பாசு. ஆனா அப்பா, அம்மால்லாம் பாதி வயல்லயே தப்பாக் கொலவ போட்டுட்டாங்க. காரியக்காரரு வந்து கேட்டாரு."

அப்பா வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு என் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். "யாரு மொதல்ல போட்டா?"

"அம்மா."

"அப்பறம்?"

"அத்தை. அப்பறம் எல்லாரும்."

"எல்லாருமா?"

"ஆமாப்பா."

"எங்க, மொதல்லேருந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னேன். முடிந்ததும் மறுபடி சொல்லச் சொன்னார். மாடு தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கோ நல்ல பசி. ஒரே சேதியை இவர் எதற்கு இத்தனை தடவை கேட்கிறார் என்று அலுத்துக்கொண்டே, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.